களைக்கு விலை வைத்த நாடு: நியூசிலாந்தின் வகாமே அனுபவம்

2000-ஆம் ஆண்டு, நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளை ஒட்டி சீஃப்ரெஷ் 1 என்ற இழுவைமடிப் படகு மூழ்கியது. படகின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த வகாமே என்ற கடற்பாசிதான் அதிகாரிகளுக்குத் தலைவலி ஆனது. அந்தத் தீவுகளில் அதுவரை அந்தப் பாசி கிடையாது. படகை அங்கிருந்து அகற்றவும் வழியில்லை. கடைசியில் முக்குளிப்பவர்கள் ஒட்டுப்பலகைப் பெட்டிகளோடு இறங்கினார்கள். பெட்டியின் வாய் விளிம்பில் நுரைப்பஞ்சு, அதைப் படகின் இரும்பில் பிடித்து வைக்கக் காந்தங்கள், உள்ளே மின்சாரச் சூடேற்றி. பெட்டிக்குள் அடைபட்ட கடல்நீரைச் சுமார் 70 டிகிரிக்குக் கொண்டுபோய்ச் சில நிமிடம் வைப்பார்கள். பிறகு பெட்டியைக் கழற்றி அடுத்த இடத்தில் பொருத்துவார்கள். பெட்டி நுழையாத இடுக்குகளைத் தண்ணீருக்கு அடியிலேயே தீச்சுடரால் சுட்டார்கள். இப்படி வாரக்கணக்கில் படகு முழுவதையும் வேகவைத்து முடித்து, அடுத்த சில ஆண்டுகள் கண்காணித்தும் வந்தார்கள். பாசி ஒழிந்தது.

பத்தே ஆண்டுகளில் அதே நாட்டின் அரசு, அதே பாசியைப் பண்ணை வைத்து வளர்க்கலாம், விற்கலாம் என்று அனுமதி கொடுத்தது.

முதலில் இதைக் கேள்விப்படுகிறவருக்குக் கேலிக்கூத்தாகத்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. ஆக்கிரமிப்புப் பாசியை உடல்நலம் தரும் உணவுச் சேர்மானமாக மாற்றிவிடலாம், கடலும் சுத்தமாகும், காசும் கிடைக்கும் என்று பல நாடுகளில் இப்போது பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி ஆசை என்று பிரித்துப் பார்க்க நியூசிலாந்தைப் போல நீண்ட அனுபவம் உள்ள இடங்கள் குறைவு.

பாசி வந்த வழி

பாசியின் அறிவியல் பெயர் உண்டாரியா பின்னாடிஃபிடா. ஜப்பானியர்களுக்கு வகாமே, கொரியர்களுக்கு மியோக். கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதும், பிறந்தநாளில் எல்லாரும் குடிப்பதும் இந்தப் பாசி போட்ட சூப்தான். ஜப்பானில் மிசோ சூப்பில் மிதக்கும் பச்சை இலையும் இதுவே. உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் 2020-இல் உலகம் முழுவதும் பண்ணைகளில் விளைந்தது சுமார் 28 லட்சம் டன், ஈர எடையில். அதில் பெரும்பங்கு சீனாவுடையது.

அதே சமயம், உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு போட்ட பட்டியலிலும் இது இருக்கிறது.

ஜப்பான், கொரியா, வட சீனக் கரைகளிலிருந்து இது உலகம் சுற்றிய கதையில் பாதி விபத்து, பாதி மனிதன் தெரிந்தே செய்தது. 1971-இல் பிரான்சின் மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள தோ உப்பங்கழியில் பசிபிக் சிப்பிக் குஞ்சுகளோடு ஒட்டி வந்தது விபத்து. 1983-இல் அதை பிரிட்டனி கரைக்குக் கொண்டுபோய் வளர்த்துப் பார்த்தது தெரிந்தே செய்தது. அங்கிருந்து ஸ்பெயின், இங்கிலாந்து என்று பரவியது. அர்ஜென்டினாவின் புவெர்ட்டோ மாட்ரினில் 1992-இல் கண்டார்கள். நியூசிலாந்தில் முதலில் கண்ணில் பட்டது 1987-இல், தலைநகர் வெலிங்டனின் துறைமுகத்தில். அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், மரத்துண்டு ஏற்ற வரும் கப்பல்கள் நிற்கும் டிரயபன்னா பக்கம். கப்பலின் அடிப்பாகம், கப்பல் எடையைச் சமன் செய்ய ஏற்றி இறக்கும் நீர், சிப்பிப் பண்ணையிலிருந்து பண்ணைக்கு மாறும் கயிறுகள் என்று எல்லாமே இதற்கு வாகனம்தான்.

இதை ஒழிப்பது ஏன் கடினம் என்பதற்கு அதன் வாழ்க்கைச் சுழற்சியைப் பார்க்க வேண்டும். நாம் பார்க்கும் பழுப்பு நிற இலைத்தொகுதி ஓராண்டுதான் வாழும். தண்டின் அடியில், கொசுவம் வைத்தது போல மடிந்து மடிந்து ஒரு கெட்டியான பகுதி வளரும். ஜப்பானியர் அதை மெகாபு என்பார்கள். வித்துகள் உருவாவது அங்கேதான். வெளியேறிய வித்துகள் பாறையில் ஒட்டி, கண்ணுக்கே தெரியாத நுண்பருவமாக இரண்டாண்டுக்கு மேலும் காத்திருக்கக் கூடியவை. நீர் குளிர்ந்ததும் அந்த நுண்பருவத்திலிருந்து மறுபடி பெரிய செடி. சொந்த ஊரான ஜப்பானில் கோடை வெப்பத்தில் பெரிய செடிகள் அழிந்துபோகும். நியூசிலாந்தின் கடல் மிதமான குளிர் என்பதால் பல இடங்களில் வருடம் முழுவதும் ஏதோ ஒரு வயதில் செடி இருந்துகொண்டே இருக்கிறது. வெட்டி எடுத்தவர் கரையேறிய பிறகும் கீழே விதைக்கிடங்கு அப்படியே இருக்கும் என்று அர்த்தம்.

ஸ்டூவர்ட் தீவில் 1997-இல் இது தெரிய வந்ததும் இயற்கைப் பாதுகாப்புத் துறை முக்குளிப்பவர்களை வைத்து மாதா மாதம் பறிக்க ஆரம்பித்தது. மாதம் ஒரு முறை என்பது ஏதோ வசதிக்கு வைத்த கணக்கு இல்லை. மெகாபு முற்றி வித்து விடுவதற்கு முன் செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதே அந்த இடைவெளிக்குக் காரணம். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பணி நின்றுபோனது. 2010-இல் தென்மேற்கில் உள்ள ஃபியோர்ட்லாந்தில், பிரேக்சி சவுண்டின் சண்டே கோவ் என்ற சிறு குடாவில், நங்கூரக் கயிறு ஒன்றில் செடியைக் கண்டார்கள். பறிப்பதோடு நிற்காமல் கினா எனப்படும் உள்ளூர்க் கடல் முள்ளெலிகளை ஆயிரக்கணக்கில் பிடித்து வந்து அந்தக் குடாவில் விட்டார்கள். கண்ணுக்குத் தெரியாததை மேய்ந்து தீர்க்க அதைவிட நல்ல ஆள் யார்?

சட்டம் வளைந்த விதம்

2000-இல் உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உண்டாரியா 'வேண்டாத உயிரி' என்று அறிவிக்கப்பட்டது. அதை வைத்திருக்கவோ, வளர்க்கவோ, விற்கவோ கூடாது. ஆனால் அந்நேரத்துக்கு நாட்டின் பெரிய துறைமுகங்கள் பலவற்றில் அது வேர் பிடித்துவிட்டது. (பாசிக்கு வேர் கிடையாது, பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பு மட்டுமே. பேச்சு வழக்குக்குச் சொல்கிறேன்.)

இந்தத் தடையால் அபத்தமான நிலையில் மாட்டியவர்கள் சிப்பிப் பண்ணைக்காரர்கள். நியூசிலாந்தின் பச்சை உதட்டுச் சிப்பி பெரிய ஏற்றுமதித் தொழில். மிதவைகளில் கட்டிய நீண்ட கயிறுகளில், மார்ல்பரோ சவுண்ட்ஸ், கோரமண்டல் போன்ற இடங்களில் வளர்க்கிறார்கள். கயிற்றின் மேல்பகுதியில், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், உண்டாரியா குஷியாக வளரும். அறுவடையின் போது சிப்பியோடு சேர்ந்து படகுக்கு வரும். சிப்பியைப் பிரித்தெடுத்துவிட்டுப் பாசியைத் திரும்பவும் கடலிலேயே தள்ளிவிடுவார்கள். வித்து சுமந்த மெகாபுவோடு சேர்த்துத்தான். விற்றால் குற்றம், கொட்டினால் வழக்கம்.

2004-இல் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஒழிப்புப் பணியின் பகுதியாகப் பறித்தாலோ, வேறு பண்ணை வேலையின் போது கூடவே வந்தாலோ விற்கலாம் என்றார்கள். அதை நம்பி யாரும் பெரிதாக முதல் போடவில்லை. எப்போது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும், அடுத்த வருடமும் கிடைக்குமா என்று தெரியாத சரக்கை வைத்து எந்த ஆலை ஓடும்?

2010-இல் வந்த திருத்தம்தான் முக்கியம். அதன் சாரத்தை இப்படிச் சொல்லலாம். ஏற்கெனவே பாசி நிரம்பிக் கிடக்கும் வெலிங்டன், மார்ல்பரோ சவுண்ட்ஸ், பேங்க்ஸ் தீபகற்பம் ஆகிய மூன்று பகுதிகளில், தேர்ந்தெடுத்த இடங்களில் பண்ணை வைக்க விண்ணப்பிக்கலாம். கயிறு, மிதவை போன்ற மனிதன் கட்டிய பொருள்களில் வளர்ந்ததை அறுக்கலாம். குறிப்பிட்ட இடங்களில் கரை ஒதுங்கியதை அள்ளலாம். பாறை போன்ற இயற்கைப் பரப்பில் வளர்ந்ததை வியாபாரத்துக்காகத் தொடக் கூடாது. அதை ஒழிப்புத் திட்டத்தின் பகுதியாக மட்டுமே எடுக்கலாம்.

கடைசி விதியைப் பார்த்ததும் பலருக்குக் குழப்பம் வரும். கயிற்றில் இருப்பதை அறுக்க விட்டுவிட்டு, உண்மையில் கெடுதல் செய்யும் பாறையில் கை வைக்கக் கூடாதாமா? விடை டாஸ்மேனிய ஆய்வுகளில் இருக்கிறது. வாலண்டைன், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் காட்டியது இது: உள்ளூர்ப் பாசிகளின் கூரை அடர்த்தியாக இருக்கும் இடத்தில் உண்டாரியாவால் எளிதில் இடம் பிடிக்க முடிவதில்லை. புயலாலோ, முள்ளெலி மேய்ச்சலாலோ, மனிதனாலோ அந்தக் கூரையில் ஓட்டை விழுந்த இடத்தில்தான் அது புகுகிறது. ஒரு பாறையில் நான்கு பேர் இறங்கி அவசரமாக அறுத்தால் பக்கத்தில் இருக்கும் உள்ளூர்ப் பாசியும் மிதிபடும், கிழியும். அடுத்த பருவத்துக்கு உண்டாரியாவுக்குத் தாங்களே நாற்றங்கால் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். களை என்று நாம் சொல்வது பல இடங்களில் ஏற்கெனவே நோய்ப்பட்ட கடலின் அறிகுறி. அறிகுறியை அறுத்து விற்பதால் நோய் போகாது.

இலையும் மெகாபுவும்

சரி, இதில் உடல்நலம் என்று எதைச் சொல்கிறார்கள்? கடலிலிருந்து எடுக்கும்போது பாசி சேற்றுப் பழுப்பு நிறம். கொதிக்கும் நீரில் அமிழ்த்திய சில விநாடிகளில், கண்ணெதிரே பளிச்சென்ற பச்சையாக மாறிவிடும். பச்சையம் முன்பே இருக்கிறது. புரதத்தோடு பிணைந்திருந்த ஃபியூகோசாந்தின் என்ற செம்பழுப்பு நிறமி வெப்பத்தில் அந்தப் பிணைப்பை இழப்பதால் பழுப்பு மறைந்து பச்சை வெளித் தெரிகிறது. உடனே குளிர்ந்த நீரில் போட்டு, வடித்து, உப்பில் புரட்டி வைப்பார்கள். ஜப்பானில் உப்பிட்ட வகாமேயாக விற்பது இப்படிச் செய்ததைத்தான்.

ஃபியூகோசாந்தின் மேல் ஆர்வம் வரக் காரணம் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மியாஷிதா குழு. 2005-இல் எலிகளிடம் நடந்த ஆய்வில், இந்த நிறமி சேர்ந்த உணவு வெள்ளைக் கொழுப்புத் திசுவில் ஆற்றலை வெப்பமாக எரிக்கும் புரதத்தைத் தூண்டியதாகக் கண்டார்கள். அங்கிருந்து 'கொழுப்பைக் கரைக்கும் கடற்பாசி' என்ற விளம்பரத்துக்கு ஒரே தாவல். எலிக்கு நடந்தது மனிதருக்கு அதே அளவில் நடக்கும் என்று காட்டும் வலுவான ஆய்வு இன்னும் கைவசம் இல்லை என்பதை மாத்திரை டப்பாவில் யாரும் அச்சிடுவதில்லை.

உணவுச் சேர்மானமாக இதைப் பார்த்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது மைசூரில் நடந்தது. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஹொக்கைடோ குழுவோடு சேர்ந்து, பாஸ்தா மாவில் வகாமே பொடியைக் கலந்து பார்த்தார்கள். முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. பத்து சதவீதம் வரை சேர்த்தாலும் சாப்பிடுகிறவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வெளிச்சத்திலும் காற்றிலும் எளிதில் கெடக்கூடிய ஃபியூகோசாந்தின், மாவு பிசைந்து, பிழிந்து, உலர்த்தி, வேகவைத்த பிறகும் அழியாமல் இருந்தது. மருந்து போல விற்பதைவிட இந்த வழி நேர்மையானது என்று நினைக்கிறேன். நார்ச்சத்து, தாதுக்கள், கொஞ்சம் நிறமி, கூடவே கடல் வாசனை. உணவு உணவாகவே இருக்கிறது.

அடுத்தது ஃபியூகாய்டான். பழுப்புப் பாசிகளில் உள்ள கந்தகம் ஏறிய சர்க்கரைச் சங்கிலி இது. 1913-இல் ஸ்வீடனின் கைலின் முதலில் பிரித்தெடுத்தார். பாசியைத் தொட்டால் வழுக்குகிறதே, அந்த வழவழப்பில் இதற்கும் பங்குண்டு. உண்டாரியாவில் இது அதிகம் இருப்பது இலையில் இல்லை, மெகாபுவில். உலர்த்திப் பொடித்த மெகாபுவை முதலில் ஆல்கஹாலில் ஊறவைத்து நிறமியையும் கொழுப்பையும் நீக்குவார்கள். பிறகு நீரில், பெரும்பாலும் சூடாக, கரைத்தெடுப்பார்கள். கால்சியம் குளோரைடு சேர்த்தால் ஆல்ஜினேட் என்ற மற்றொரு சர்க்கரைப்பொருள் கரையாமல் தங்கிவிடும். கரைசலில் மறுபடி ஆல்கஹால் ஊற்றினால் ஃபியூகாய்டான் திரிந்து பிரியும். கடைசியில் உலர்த்தினால் ஒரு வெளிர் பொடி.

டாஸ்மேனியாவில் ஹோபார்ட்டுக்கு அருகில் மரினோவா என்ற நிறுவனம் 2003 முதல் இந்தத் துறையில் இருக்கிறது. அங்கே அறுவடையாகும் உண்டாரியாவும் அதன் மூலப்பொருள்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் தனது புதுவகை உணவுப் பட்டியலில் உண்டாரியாவின் ஃபியூகாய்டான் சாற்றை, நாளுக்கு 250 மில்லிகிராம் என்ற வரம்போடு, சேர்த்திருக்கிறது. இந்த அனுமதியின் பொருள், அந்த அளவில் சாப்பிட்டால் கெடுதல் இல்லை என்பது. நன்மை செய்யும் என்று அது சான்று தரவில்லை. இரண்டையும் குழப்புவது விற்பனையாளர்களுக்குக் கைவந்த கலை.

நன்மைக்கான சான்றுகள்? சோதனைக்குழாயில் நிறைய, விலங்குகளில் கணிசமாக, மனிதர்களில் கொஞ்சம். 2013-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு குறிப்பிடத் தக்கது. அறுபதைத் தாண்டிய சுமார் 70 பேரில் ஒரு பகுதியினருக்கு மெகாபு ஃபியூகாய்டானும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் நான்கு வாரம் கொடுத்து, பிறகு ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். ஃபியூகாய்டான் எடுத்தவர்களிடம் எதிர்ப்பொருள் அளவு கூடுதலாக இருந்தது. நல்ல முடிவுதான், சிறிய ஆய்வு. அவர்களுக்குக் காய்ச்சல் குறைந்ததா என்பது வேறு கேள்வி. இன்னொரு பக்கம், ஃபியூகாய்டானுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மை ஆய்வகத்தில் தெரிகிறது. ரத்தம் நீர்க்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. தைராய்டு தொல்லை உள்ளவர்கள் அயோடினைக் கவனிக்க வேண்டும். வயது வந்தவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். உலர் வகாமே ஒரு கிராமிலேயே பல பத்து மைக்ரோகிராம் இருக்கும், சில மாதிரிகளில் நூறையும் தாண்டும். கொம்பு என்ற ஜப்பானியப் பாசியில் கிராமுக்கு ஆயிரத்துக்கும் மேல் போவதைப் பார்க்கும்போது வகாமே பரவாயில்லை, அவ்வளவுதான்.

நாள்காட்டியில் வரும் சண்டை

இந்தக் கதையின் மையம் என்று எனக்குப் படுவது இதுதான். பொதுவாக இதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

ஆக்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நியூசிலாந்து உண்டாரியாவை மாதா மாதம் எடுத்து ஃபியூகாய்டானை அளந்தார்கள். ஆய்வு 2013-இல் வெளியானது. அந்நாட்டில் குளிர்காலமான ஜூலையில் எடுத்த மெகாபுவோடு ஒப்பிட்டால், செப்டம்பரில் எடுத்ததில் கிடைத்த ஃபியூகாய்டான் இரு மடங்குக்கும் மேல். மெகாபு முற்ற முற்ற ஃபியூகாய்டான் ஏறுகிறது. மெகாபு முற்றுவது என்றால் என்ன? வித்து விடத் தயாராவது.

இப்போது ஸ்டூவர்ட் தீவின் முக்குளிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் மாதம் ஒரு முறை இறங்கியதே மெகாபு முற்றக் கூடாது என்பதற்காக. ஆலைக்காரருக்கு வேண்டியது முற்றிய மெகாபு. பாசியை ஒழிக்க விரும்புகிறவர் ஜூலையில் அறுக்க வேண்டும், பாசியில் காசு பார்க்க விரும்புகிறவர் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாத இடைவெளியில் கோடிக்கணக்கான வித்துகள் நீரில் கலந்துவிடும். ஒரே செடி, ஒரே கத்தி, ஆனால் இரண்டு நோக்கங்களும் வெவ்வேறு மாதங்களில். இலைக்காக அறுப்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு, இளசான இலையே நல்ல விலை போகும் என்பதால். ஆனால் அதிக மதிப்புள்ள சேர்மானம் இலையில் இல்லையே.

இதைப் புரிந்துகொண்டால் 2010 கொள்கையின் தர்க்கமும் புரியும். பாசியைச் சாப்பிட்டே தீர்த்துவிடலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஏற்கெனவே கைவிட்டுப்போன இடங்களில் இருப்பதைப் பயன்படுத்து, இன்னும் போகாத இடங்களுக்குப் பரப்பாதே என்பதுதான் அதன் வரம்பு. ஃபியோர்ட்லாந்தில் யாருக்கும் அறுவடை உரிமம் கிடையாது. அங்கே விலை வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம்: பாசி முழுவதும் அழிந்தால் வருமானம் நின்றுவிடும் ஒரு கூட்டம் உருவாகும். ஒரு மூலையில் கொஞ்சம் விட்டுவைக்க அவர்களுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்.

தொழிலாக அது எங்கே நிற்கிறது? பெரிய அளவில் எழவில்லை. வருடத்துக்கு லட்சக்கணக்கான டன் கொட்டும் சீனா, கொரியாவோடு சாதாரண உலர் பாசிக்கு நியூசிலாந்துக் கூலியில் போட்டி போட முடியாது. அதனால் சிப்பிக் கயிற்றிலிருந்து எடுத்ததைச் சிறு நிறுவனங்கள் உணவகங்களுக்கும் ஆரோக்கிய உணவுக் கடைகளுக்கும் தருகின்றன. சுத்தமான குளிர் நீரில் விளைந்தது என்ற பெயரே அவர்களுடைய மூலதனம்.

அந்தப் பெயரிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உண்டாரியா முதலில் குடியேறுவதும் அடர்ந்து கிடப்பதும் துறைமுகங்களிலும் படகுத்துறைகளிலும். பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட் உலோகங்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். படகின் அடியில் பூசும் செம்புச் சாயம், கழிவுநீர், பழைய தொழிற்சாலைச் சேறு, எல்லாவற்றின் பக்கத்திலும் வளர்ந்ததை யாருக்குச் சமைத்துக் கொடுப்பது? ஆகவே மிகுதியாகக் கிடைக்கும் இடம் உணவுக்கு லாயக்கில்லை. உணவுக்கு லாயக்கான இடத்தில் அது பரவவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது சிப்பிப் பண்ணைகள் மட்டும். சிப்பிக்காக ஏற்கெனவே நீரைச் சோதிக்கிறார்கள், படகும் ஆளும் அங்கேயே இருக்கிறார்கள், பாசி எப்படியும் கைக்கு வருகிறது. இந்த ஏற்பாடு பொருந்தியது அதனால்தான்.

மற்ற கடல்களில்

கரீபியன் தீவுகளில் 2011 முதல் மலை மலையாக ஒதுங்கும் மிதவைச் சர்காசம் பாசியைப் பற்றியும் இதே கேள்வி வருகிறது. அதற்கு விடை இன்னும் சுருக்கம்: அதில் ஆர்சனிக் அதிகம். அதே சர்காசம் இனத்தைச் சேர்ந்த ஹிஜிகி என்ற ஜப்பானிய உணவுப் பாசியையே சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004-இல் எச்சரித்தது, காரணம் நச்சு வடிவ ஆர்சனிக். கரையில் சும்மா கிடக்கிறது என்பதற்காக ஒன்று உணவாகிவிடாது.

ஹவாயின் கனியோஹே குடாவுக்கு 1970களில் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் பாசி பவளத்தின் மேல் படர்ந்தபோது, அங்கே வேறு வழியில் போனார்கள். படகில் பொருத்திய பெரிய உறிஞ்சுகுழாயால் பாசியை இழுத்தார்கள். மிச்சத்தை மேய்வதற்கு, பொரிப்பகத்தில் வளர்த்த உள்ளூர் முள்ளெலிகளை விட்டார்கள். அள்ளிய பாசியை சேம்பு பயிரிடும் விவசாயிகளுக்கு உரமாகக் கொடுத்தார்கள். அந்தப் பாசியை நம்பி எந்த வியாபாரமும் உருவாகவில்லை. ஒழிப்பதுதான் குறிக்கோள் என்றால் இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும் போல.

அதே கப்பாஃபைக்கஸ்தான் நம் ராமநாதபுரம் கரையிலும். ஐஸ்கிரீம் டப்பாவில் 407 என்ற எண்ணில் நிற்கும் காரஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் இதிலிருந்து வருவது. பாவ்நகரின் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் ஜப்பான் வழியாக வரவழைத்தது. 1990களில் மண்டபத்துக்கு வந்தது. 2000-க்குப் பிறகு பெப்சிகோ கொள்முதலுக்கு இறங்கியதும் மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கத் தொடங்கின. பெப்சி பாசி என்று பெயரே விழுந்துவிட்டது. மரிக்கொழுந்து பாசிக்காகத் தீவுப் பக்கம் மூச்சடக்கி முங்கிக் கையைக் கிழித்துக்கொண்டவர்களுக்கு, கரையோரத்தில் 45 நாளில் அறுவடைக்கு வரும் இது பெரிய மாற்றம். அதை யாரும் லேசாகப் பேசிவிட முடியாது.

2005-இல் தமிழ்நாடு அரசு, இந்த அந்நியப் பாசியைப் பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம் என்று எல்லை போட்டது. மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகளை விட்டுவைப்பதே நோக்கம். 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குருசடை தீவின் பவளங்கள் மேல் இது படர்ந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். பிறகு பக்கத்துத் தீவுகளிலும் கண்டார்கள். வரிசை இங்கே தலைகீழ். நியூசிலாந்தில் களை முதலில் வந்தது, விலை பிறகு. இங்கே விலை முதலில், களை பிறகு.

உண்டாரியா அளவுக்கு வித்துகளை நம்பும் பாசி இல்லை இது. கைவிரல் அளவு துண்டு உடைந்து விழுந்தாலே போதும், புதிய செடியாகிவிடும். ஆகவே பவளத்தின் மேல் இருப்பதைக் கூலிக்கு எடை போட்டு அறுக்கச் சொன்னால், வேகத்தில் உடைந்து சிதறும் துண்டுகளே அடுத்த விதை. கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கக் கூடாத வேலை அது. ஒரு துண்டும் மிஞ்சாமல் பொறுமையாகக் கையால் பிரித்தெடுத்து, சுத்தமான பவளப் பரப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். குருசடை தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அங்கிருந்து எடுத்தது ஆலைக்குப் போகவும் கூடாது. மிதவையில் வளர்ப்பது காரஜீனனுக்கு, தீவில் பிடுங்குவது குழிக்கு என்று இரண்டையும் தனித்தனிக் கணக்கில் வைத்தால்தான் இரண்டு வேலையும் உருப்படும்.